பூமிக்கடியில் ஒரு சுண்ணாம்புப் பூச்சு

மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய சந்துகளில் இடிபடாமல் எஞ்சியிருக்கும் பழைய வீடுகள் சில உண்டு. தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரையிட்டு மூடும் 'மெட்ராஸ் டெரஸ்' தளம் அவற்றின் அடையாளம். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த அந்தக் காரைக்கு ஒரு குணம் இருந்தது. மயிரிழை போன்ற விரிசல் விழுந்தால், மழைநீர் காரையிலுள்ள சுண்ணாம்பைச் சிறிது கரைத்து விரிசலுக்குள் கொண்டு சேர்க்கும். அங்கே அது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு கூடி மறுபடியும் கல்லாகும். விரிசல் தானாகவே அடைபடும். கொத்தனார்கள் இதற்கு வேதியியல் சமன்பாடு எழுதவில்லை. ஆனால் நூறாண்டு தாங்கும் மொட்டைமாடிகளைக் கட்டிக் கொடுத்தார்கள்.

ஏறத்தாழ அதே வேலையைத் தரைக்குக் கீழே பல நூறு மீட்டர் ஆழத்தில், மனிதன் இறங்க முடியாத இடத்தில், கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவைக் கொண்டு செய்ய முடியும் என்று கடந்த சில ஆண்டுகளில் களத்திலேயே நிரூபித்திருக்கிறார்கள். பொருளாதாரம் கற்பித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். விரிசலை அடைப்பது நுண்ணுயிரியலின் வேலை. அதை யார் செலவில், எத்தனை ஆண்டுகள் வரை அடைப்பது என்பது பொருளாதாரத்தின் கேள்வி. இந்தியா அந்தக் கேள்வியை இன்னும் நேருக்கு நேர் சந்திக்கவில்லை.

முதலில் பின்னணி. அனல் மின்நிலையம், சிமெண்ட் ஆலை, உருக்காலை ஆகியவற்றின் புகைபோக்கியிலேயே கரியமில வாயுவைப் பிடித்து, அழுத்தி, பூமிக்குள் செலுத்திச் சிறைவைப்பது ஒரு தொழில்நுட்பம். சுமார் 800 மீட்டர் ஆழத்துக்குக் கீழே அழுத்தமும் வெப்பமும் அதை ஏறக்குறைய திரவத்தின் அடர்த்திக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. நுண்துளைகள் கொண்ட மணற்பாறையில் அது தங்குகிறது. அதன்மேல் மூடிபோலக் கிடக்கும் களிப்பாறை அதை மேலேற விடாமல் தடுக்கிறது. நார்வே நாட்டின் ஸ்லைப்னர் எரிவாயுக் களத்தில் 1996 முதல், ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து லட்சம் டன் அளவில், கடலடிப் பாறைக்குள் இப்படிச் செலுத்தி வந்திருக்கிறார்கள். 1991இலேயே அந்நாடு கார்பன் வரி விதித்துவிட்டது. வரி கட்டுவதைவிடப் புதைப்பது மலிவு என்று நிறுவனம் கணக்குப் போட்டது. நம் நாட்டில், 2022 நவம்பரில் நீதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை, 2050ஆம் ஆண்டுக்குள் ஆண்டுதோறும் 75 கோடி டன் வரை பிடிப்பதைப் பற்றிப் பேசுகிறது. குஜராத்தின் கோயலி சுத்திகரிப்பு ஆலையில் வெளியாகும் வாயுவைக் காந்தார் எண்ணெய் வயலுக்குள் செலுத்துவது குறித்து ஓ.என்.ஜி.சி.யும் இந்தியன் ஆயிலும் 2019இல் ஒப்பந்தம் செய்துகொண்டன.

இதிலெல்லாம் பாறை பெரிய கவலை இல்லை. நல்ல மூடிப்பாறை கோடிக்கணக்கான ஆண்டுகள் எண்ணெயையும் எரிவாயுவையும் தாங்கியே நின்றிருக்கிறது. கவலை, அந்தப் பாறையில் நாம் போடும் ஓட்டை. ஓர் ஆழ்கிணறு என்பது எஃகுக் குழாய். குழாய்க்கும் பாறைக்கும் இடையே ஊற்றிய சிமெண்ட் வளையம். சிமெண்ட் இறுகும்போது சுருங்கலாம். அழுத்தம் ஏறி இறங்க எஃகு விரிந்து சுருங்கும். இரண்டுக்கும் நடுவே மயிரிழையினும் மெல்லிய இடைவெளி விழும். கரியமில வாயு நீரோடு கலந்தால் கார்பானிக் அமிலம். அது எஃகையும் அரிக்கும், சிமெண்டையும் தின்னும். புதிய கிணற்றைத் திட்டமிட்டு நன்றாகக் கட்டலாம். ஆனால் பழைய எண்ணெய் வயல்களில் முன்பே போட்டு, பயன் தீர்ந்து, மூடிவிட்டுப் போன கிணறுகள் ஒவ்வொன்றும் வாயு மேலே வரக்கூடிய ஒரு வழி.

இது வெறும் அச்சம் அன்று. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டெகேட்டர் என்னும் நகரில், மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் வடிக்கும் ஏ.டி.எம். நிறுவனம் ஒரு கரியமில வாயுக் களத்தை நடத்துகிறது. கரியமில வாயுவைப் புதைப்பதற்கென்றே உள்ள தனிவகை உரிமத்தின் கீழ் அந்நாட்டில் முதலில் இயங்கிய களம் அது. அங்கே ஒரு கிணற்றின் எஃகு அரிக்கப்பட்டு, ஆழத்துத் திரவம் அனுமதிக்கப்படாத படுகைக்குள் புகுந்தது. 2024இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விதிமீறல் அறிவிக்கை அனுப்பியது; செலுத்தும் பணி நிறுத்திவைக்கப்பட்டது. குடிநீருக்கு ஆபத்தில்லை என்று நிறுவனம் கூறியது. அதில் ஒரு விநோதம் உண்டு. கசிந்தது வாயுவைச் செலுத்தும் கிணறு அன்று. கசிகிறதா என்று பார்ப்பதற்காகவே தோண்டிய கண்காணிப்புக் கிணறு.

கசிவை அடைக்க வழக்கமான வழி, மறுபடியும் சிமெண்ட் குழம்பை அழுத்திச் செலுத்துவதுதான். ஆனால் சிமெண்ட் துகள் பருமனானது, குழம்பும் கெட்டியானது. அகன்ற பிளவில் அது போய் நிறையும். குழாயை ஒட்டிய மிக மெல்லிய இடுக்கின் வாயிலேயே அது தேங்கி நின்றுவிடும். அங்கேதான் நுண்ணுயிர் உதவிக்கு வருகிறது. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. அதைச் சுமந்து செல்லும் கரைசல் ஏறக்குறைய தண்ணீர் போலவே நீர்த்தது. வாயு எந்த வழியாக மேலே வருகிறதோ அந்த வழியாகவே அது உள்ளே போகும்.

இதற்குப் பெரிதும் பயன்படுவது ஸ்போரோசார்சினா பாஸ்டியூரி என்னும் மண் பாக்டீரியா. நோய் எதையும் பரப்பாத சாதுவான ஜீவன். யூரியேஸ் என்னும் நொதியை அது ஏராளமாகச் சுரக்கிறது. அந்த நொதி யூரியாவை உடைக்கிறது. ஒரு பக்கம் அம்மோனியம், மறுபக்கம் கார்பனேட். சுற்றியுள்ள நீரின் காரத்தன்மை உயர்கிறது. அந்த நேரத்தில் கால்சியம் கலந்த கரைசலையும் செலுத்தினால், கார்பனேட்டும் கால்சியமும் கூடிச் சுண்ணாம்புக்கல் படிகமாகின்றன. பாக்டீரியாவின் உடலே படிகம் வளர்வதற்கான கருவாகிறது. சில சுற்றுகளில் அது தான் கட்டிய கல்லுக்குள்ளேயே புதைந்து இறந்துபோகிறது. அடுத்த சுற்றுக்குப் புதிய பாக்டீரியாவை அனுப்ப வேண்டும். பவழப் பூச்சி தீவு கட்டுவதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோமே, ஏறத்தாழ அந்தக் கதைதான். காலம் மட்டும் ஆண்டுகளுக்குப் பதில் நாட்களாகச் சுருங்கிவிடுகிறது.

அமெரிக்காவின் மான்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் இதை ஆய்வகத்திலிருந்து களத்துக்குக் கொண்டு சென்றார்கள். அலபாமா மாநிலத்தில் கோர்காஸ் அனல் மின்நிலைய வளாகத்திலுள்ள ஆய்வுக் கிணறு ஒன்றில், சுமார் 340 மீட்டர் ஆழத்து மணற்பாறையில் முன்கூட்டியே ஒரு பிளவை உண்டாக்கி வைத்திருந்தார்கள். எண்ணெய் வயல்களில் சாதாரணமாகப் புழங்கும் நீண்ட உலோகக் கலத்தில் கரைசலை நிரப்பிக் கம்பி வடத்தில் இறக்கினார்கள். பாக்டீரியா ஆறு தடவை, யூரியாவும் கால்சியமும் 24 தடவை. பிளவுக்குள் நிமிடத்துக்கு 1.9 லிட்டர் புகுந்துகொண்டிருந்த திரவம் 0.47 லிட்டராகக் குறைந்தது. 2016இல் முடிவை வெளியிட்டார்கள். பிறகு சிமெண்ட் வளையத்தின் விரிசலிலும் இதே முறையைக் களத்தில் சோதித்தார்கள். நான்கில் மூன்று பங்கு அடைபட்டது என்றால் ஒரு பங்கு அடைபடவில்லை என்றும் பொருள். அது கரியமில வாயு கசிந்த கிணறும் அன்று. சோதனைக்காக உண்டாக்கிய பிளவு. இரண்டையும் நினைவில் வைத்தே இந்தச் சாதனையை மதிப்பிட வேண்டும்.

சிக்கல்களையும் சொல்லிவிட வேண்டும். பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் வெப்பம் சராசரியாக 25 முதல் 30 டிகிரி வரை கூடுகிறது. நம்மூர்த் தரையின் வெப்பத்தோடு இதைக் கூட்டினால், இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் இந்தப் பாக்டீரியா பிழைக்காது. அதற்காகச் செடியிலிருந்து எடுத்த நொதியை நேரடியாகச் செலுத்திப் பார்க்கிறார்கள். யூரியேஸ் மிகுந்திருப்பது நம் வாளவரையின் இனத்தைச் சேர்ந்த ஒரு பயற்றில். அதிலிருந்துதான் ஜேம்ஸ் சம்னர் 1926இல் யூரியேஸைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். உலகில் படிகமாக்கப்பட்ட முதல் நொதி அதுதான். இருபது ஆண்டு கழித்து, 1946இல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாவது சிக்கல் அம்மோனியம். கணக்கு எளிது: 100 கிலோ சுண்ணாம்புக்கல் படிவதற்கு 60 கிலோ யூரியா தேவை, கூடவே 36 கிலோ அம்மோனியம் வெளியாகும். குடிநீர்ப் படுகைக்கு அருகில் இதை அப்படியே விட்டுவிட முடியாது. கரைசலைத் திரும்ப மேலே எடுத்துச் சுத்திகரிக்க வேண்டியிருக்கும். (45 கிலோ மூட்டை 242 ரூபாய்க்கு உழவருக்குக் கிடைக்கும் மானிய யூரியாவை எவரும் இதற்குத் திருப்பிவிடக் கூடாது என்பதையும் சொல்லி வைக்கிறேன். மானிய உரம் தொழிற்சாலைகளுக்குள் நுழைந்த வரலாறு நமக்குத் தெரியாததன்று.) மூன்றாவது, கார்பானிக் அமிலம் சுண்ணாம்புக்கல்லையும் கரைக்கும் என்பது. நீர் ஓடிக்கொண்டே இருந்தால் படிந்த கல் மெல்லக் கரையும். நீர் நின்றுவிட்டால் கரையும் அளவு நிறைந்து அரிப்பு நிற்கும். ஆகவே முக்கால்வாசி அடைப்பு போதாது. அடைத்தபின்பும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த நுண்ணுயிர் நம் நாட்டுக்குப் புதியதன்று. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் இஸ்ரோவோடு சேர்ந்து, நிலவின் மண்ணைப் போலச் செய்த துகளை இதே பாக்டீரியா, யூரியா, கொத்தவரைப் பசை ஆகியவற்றால் செங்கல்லாக்கிக் காட்டினார்கள். அந்தக் கல்லில் விழும் விரிசலையும் பாக்டீரியாவால் நிரப்ப முடியுமென்று பின்னர் காட்டினார்கள். இங்கே அடையாற்றங்கரையிலிருந்து நடந்துபோகும் தொலைவிலுள்ள சென்னை ஐஐடியில், வங்கக் கடலின் அடியில் கரியமில வாயுவை ஹைட்ரேட் என்னும் பனிக்கட்டி போன்ற திண்மமாகத் தேக்க முடியுமா என்று ஆராய்கிறார்கள். தூத்துக்குடியில் ஒரு காரத் தொழிற்சாலை, 2016 முதல், தன் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் அளவுக்குக் கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா உப்பாக மாற்றும் ஏற்பாட்டைச் செய்தது. அறிவுக்கும் ஆளுக்கும் இங்கே பஞ்சமில்லை.

"புதைப்பதே வேண்டாம், நிலக்கரியை நிறுத்துங்கள்" என்பவர்களும் உண்டு. மின்சாரத்தைப் பொறுத்தவரை நான் அவர்கள் பக்கம். தியாகராய நகரில் எரியும் விளக்குகளுக்காக எண்ணூரில் நிலக்கரி எரிப்பதையும், அதற்குப் பின் அதன் புகையைப் பெருஞ்செலவில் புதைப்பதையும் விட, சூரிய ஒளியும் காற்றும் மலிவு. ஆனால் சிமெண்டுக்கு அந்த வாதம் பொருந்தாது. அரியலூரில் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் சிமெண்டாக்கும்போது வெளிவரும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதன்று. கல்லுக்குள்ளேயே பூட்டிக் கிடந்தது. சூளையைச் சூரிய ஒளியால் சூடாக்கினாலும் அது வெளியேறத்தான் செய்யும். காவிரிப் படுகை கடலடியில் கிடந்த காலத்துச் சுண்ணாம்பை மேலே எடுத்துச் சுட்டு வாயுவாக்கி, அந்த வாயுவைப் பூமிக்குள் அனுப்பி, அது கசியாதிருக்கச் சுண்ணாம்பாலேயே அடைப்பது! இதை எண்ணும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் வேறு வழி எதுவும் இப்போதைக்குக் கண்ணில் படவில்லை. மேலும், 2026 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியாகும் இரும்பு, சிமெண்ட் போன்றவற்றின் கார்பன் சுமைக்குக் கட்டணம் கோருகிறது. நம் ஆலைகள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இந்தப் பேச்சு வரும்.

இனி என் துறைக்கு வருகிறேன். ஓட்டையைப் போடுகிறவருக்கு ஆதாயம் இன்று. அதை மூடவேண்டிய செலவு நாளை. இந்த இடைவெளியின் விலையைத் தமிழ்நாட்டுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், தண்ணீர் வராமல் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. நான்கு நாட்கள் மாநிலமே தூங்காமல் காத்திருந்தது. குழந்தையை உயிரோடு மீட்க முடியவில்லை. பயனற்ற கிணறுகளை எப்படி மூடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே நெறிமுறை வகுத்திருந்தது. ஒரு சாதாரண மூடிக்கே இந்தக் கதி.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு கிணற்றைச் சீர்செய்ய ஒரு கோடி ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். எட்டு சதவீத வட்டியில் கழித்துப் பார்த்தால் அதன் இன்றைய மதிப்பு சுமார் 2.13 லட்சம். நூறு ஆண்டுக்குப் பின் என்றால் வெறும் நான்காயிரத்து ஐந்நூறு ரூபாய். எந்த நிதி மேலாளரும் இந்தத் தொகைக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளமாட்டார். இதற்கிடையில் நிறுவனம் கைமாறலாம், கலைக்கப்படலாம். கரியமில வாயு மட்டும் அங்கேயே இருக்கும். அமெரிக்காவில் உரிமையாளர் இல்லாமல் அநாதையாகிவிட்ட எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் கணக்கில் வந்தவையே ஒரு லட்சத்துக்கு மேல். அவற்றை மூட 2021இல் அந்நாட்டு அரசு 470 கோடி டாலர் ஒதுக்கியது. கட்டியது வரி செலுத்துவோர்.

ஆனால் அதே கணக்கைத் திருப்பியும் படிக்கலாம். எதிர்காலச் செலவு இன்று சிறிய தொகையாகத் தெரிகிறது என்றால், அந்தச் சிறிய தொகையை இன்றே வாங்கி வைத்துவிட முடியும். பணவீக்கம் போக மூன்று சதவீத வளர்ச்சிதான் என்று எச்சரிக்கையோடு கணக்கிட்டாலும், ஒரு கோடிக்கு இன்று சுமார் 22.8 லட்சம் வைப்புத்தொகை போதும். முதல் டன் வாயுவைச் செலுத்துவதற்கு முன்பே இது நிறுவனத்தின் கையை விட்டு நீங்கி, அதனால் தொட முடியாத ஒரு கணக்கில் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு நெறிமுறை, களத்தை மூடியபின் பொதுவாகக் குறைந்தது 20 ஆண்டு நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும், அதன் பிறகே பொறுப்பு அரசுக்கு மாறலாம் என்கிறது. அமெரிக்க விதி, பொதுவாக 50 ஆண்டுக் கண்காணிப்பு கேட்கிறது. இந்தியாவில் கரியமில வாயுவைப் புதைப்பதற்கென்று தனிச் சட்டம் இன்னும் இல்லை.

பாக்டீரியாவின் உண்மையான மதிப்பு இங்கேதான் என்று கருதுகிறேன். சீர்செய்யும் செலவு ஒரு கோடியிலிருந்து பாதியாகக் குறைந்தால், முன்வைப்புத் தொகையும் பாதியாகும். சட்டத்தை எதிர்க்கும் தொழில்துறையின் குரலும் அந்த அளவுக்குத் தணியும். ஆனால் மலிவான மருந்து கையிலிருக்கும்போது பத்தியம் தளர்வதும் உண்டு. "கசிந்தால் பாக்டீரியாவை விட்டு அடைத்துக்கொள்ளலாம்" என்று சொல்லி, மோசமான இடத்தையும் துருப்பிடித்த பழைய கிணறுகளையும் ஏற்றுக்கொள்ளத் தொடங்கினால் லாபக் கணக்கு நஷ்டமாகிவிடும்.

காவிரிப் படுகைக்கு இது வெறும் ஏட்டுப் பேச்சு அன்று. நரிமணம், அடியக்கமங்கலம், குத்தாலம் என்று பல ஊர்களில் பத்தாண்டுக் கணக்கில் கிணறுகள் தோண்டப்பட்டிருக்கின்றன. 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியபோது எழுந்த கொந்தளிப்பை நாடு பார்த்தது. 2020இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், டெல்டாவில் எண்ணெய், எரிவாயுவைப் புதிதாகத் தேடவும் தோண்டவும் எடுக்கவும் தடை விதிக்கிறது. அதன் கண் பூமியிலிருந்து எடுப்பதில் இருக்கிறது. உள்ளே அனுப்புவதைப் பற்றி நாளை ஒரு விண்ணப்பம் வந்தால் எந்த விதியைக் காட்டுவது? புதைக்கும் திட்டம் வந்தாலும் வராவிட்டாலும், டெல்டாவில் மூடப்பட்ட கிணறுகள் எத்தனை, எங்கே, எந்த ஆண்டில், எப்படி மூடப்பட்டன என்ற பட்டியல் ஊராட்சி அலுவலகத்தில் எவரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். அதற்குப் பாக்டீரியாவும் வேண்டாம், ஐஐடியும் வேண்டாம்.

மான்டானா ஆய்விலிருந்து பிறந்த 'பயோஸ்குவீஸ்' என்னும் நிறுவனம் இன்று அமெரிக்காவில் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளின் கசிவை இந்த முறையில் அடைக்கும் தொழிலைச் செய்துவருகிறது. அதற்கு வேலை கொடுப்பவர்கள் இயற்கைமேல் கொண்ட பற்றால் மட்டும் கொடுக்கவில்லை. கசியும் கிணற்றை முறைப்படி மூடியதாக அரசு ஒப்புக்கொள்ளும்வரை, அந்தக் கிணறு அவர்கள் பெயரிலேயே இருக்கிறது.